கச்சிதமாகப் பொருந்தும் ஆடை

யாமினிக்கு,

உன் செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வந்தால் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னால் செல்லாது என்றும் கேட்டிருந்தாய். நியாயமான நிபந்தனை. முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக் கோப்பில் வைத்தவள் நான். வாய்வார்த்தையின் மதிப்பு எனக்குத் தெரியும். ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. அந்த வரிக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அது தெரிந்த பிறகு நீ வர விரும்புவாயா என்பது எனக்குத் தெரியாது. அதனால் கடிதம் நீண்டுவிட்டது. அடையாறில் உன் அறைத்தோழி இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

உன் பதவி உயர்விலிருந்தே தொடங்குகிறேன். நாலு வருடம் கணினித் திரைக்குப் பின்னால் நீ செய்துவந்த வேலையை, இனி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னால் நின்று நீயே விளக்கிச் சொல்லவேண்டும் என்றார்கள். கூடவே நாலு பக்கத்தில் ஆடை விதிகளையும் அனுப்பினார்கள். வாடிக்கையாளரைச் சந்திக்கும் பெண்கள் பேன்ட்டும் காலர் வைத்த சட்டையும் மேலே ஒரு கோட்டும் போட வேண்டும், எல்லாம் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், தொளதொளவென்று இருக்கக் கூடாது. உன் அலுவலகம் இருக்கிற பெருங்குடியில் மதியம் இரண்டு மணி வெயிலில், குப்பைமேட்டிலிருந்து காற்று வீசும்போது கோட்டுடன் எப்படி நடப்பது என்று அந்த நாலு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. புடவை கட்டலாமா என்று கேட்டேன். பண்டிகை நாட்களில் கட்டலாம் என்றாய். ஐந்தரை மீட்டர் புடவை, கட்டுகிறவளின் அளவைக் கேட்பதில்லை. அதனால்தான் அதைப் பண்டிகைக்கு ஒதுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

தி. நகரில் அந்த ஆறு மாடிக் கடைக்குப் போனோம். முதல் மாடியில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பேச்சு தூத்துக்குடிப் பக்கம். துணி யாருக்கு என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு என்று நீ சொன்னாய். அவள் உன்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, பேன்ட் வேண்டாம், குர்த்தி எடுங்கள் என்றாள். "குர்த்தின்னா எல்லாம் உள்ள அடங்கிரும்க்கா" என்றாள். அடங்க வேண்டியது எது என்று நீ கேட்கவில்லை. காலை ஒன்பதிலிருந்து நிற்கிறவளிடம் எதைக் கேட்பது? பெரிய சைஸ் ஐந்தாவது மாடியில் என்றாள். ஐந்தாவது மாடியில் ஒரு பக்கம் சூட்கேஸ்கள், மறுபக்கம் கர்ப்பிணிகளுக்கான உடைகள், நடுவில் நம் பகுதி. அங்கே நிறுத்தியிருந்த பொம்மை நாலு நாள் பட்டினி கிடந்தது போல இருந்தது. அதற்குப் பெரிய சைஸ் சட்டையைப் போட்டுவிட்டு, முன்பக்கம் அழகாகத் தெரிவதற்காக முதுகுப்பக்கம் துணியை இழுத்து கிளிப் போட்டிருந்தார்கள். நீ பொம்மையைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். "ஏழு கிளிப்பும்மா. இதுக்கே பெரிய சைஸ் சேரல, எனக்கு எப்படிச் சேரும்?" என்றாய். அதற்குள் பக்கத்துப் பகுதிக்காரப் பெண் வந்து, எத்தனை மாதம் என்று கனிவாகக் கேட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்றாய். அவள் புரியாமல் சிரித்தாள். இருபத்தாறைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க எனக்கே படிக்கட்டு வரை ஆயிற்று. அன்றைக்கு உனக்குச் சிரிப்பு மிச்சமிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அடையாறில், அலுவலக உடைகள் மட்டுமே விற்கிற குளிரூட்டப்பட்ட கடை. டை கட்டிய இளைஞன். பெண்களுக்கு இடுப்பு முப்பத்தாறு வரைதான் வரும், மேடம் ஆண்கள் பகுதியில் பார்க்கலாம், அங்கே நாற்பத்து நான்கு வரை இருக்கிறது என்றான். ஒரே கம்பெனி, ஒரே தொழிற்சாலை. ஆண்கள் நாற்பத்து நான்கு வரை சாப்பிடலாம், பெண்கள் முப்பத்தாறில் கைகழுவிவிட வேண்டும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. நீ ஆண்களின் பேன்ட் மூன்றை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனாய். இடுப்பு சரியாக இருந்தது, பின்பக்கம் ஏறவில்லை. நீ உள்ளே பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இளைஞனுக்கும் கேட்டது. அவன் கூரையைப் பார்த்தான். நான் அவனிடம், அவளுக்குத் தைராய்டு இருக்கிறது, அதனால்தான் என்றேன். உனக்குக் கேட்கும் அளவுக்குச் சொன்னேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பும்போது ஆட்டோ மத்திய கைலாஷைத் தாண்டியது. பிறகு, "எனக்கு எப்போம்மா தைராய்டு வந்துச்சு?" என்று கேட்டாய். அப்படிச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்றேன். உனக்கு வராத ஒரு நோயை உனக்குக் கொடுத்து, முன்பின் தெரியாத ஒரு விற்பனையாளனிடம் உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவன் நம் தெருக்காரன்கூட இல்லை.

இந்த இடத்தில் அம்மாக்கள் புத்திமதி சொல்வது வழக்கம். எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பேன்ட்டையும் நின்றபடி போட்டுப் பார்த்து வாங்காதே. உடைமாற்றும் அறையில் ஸ்டூல் இல்லையென்றால் வெளியே வந்து அவர்கள் நாற்காலியில் உட்கார். குனி. ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் போடு. நிற்கும்போது எல்லாத் துணியும் நல்ல துணிதான். இதை உனக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அங்கேதான் வருகிறேன்.

கடைகள் கைவிட்டதால் ராயப்பேட்டைக்குப் போனோம், தனத்திடம். பதினைந்து வயதிலிருந்து உனக்கு அளவெடுத்துத் தைத்ததெல்லாம் தனம்தான். பள்ளிச் சீருடை, தீபாவளிச் சுடிதார், பெரியம்மா வீட்டுக் கல்யாணப் பாவாடை, முதல் ஜாக்கெட். இணையத்தில் நீயாக வாங்கியவை கூடாரங்கள், அவற்றுக்கு அளவென்று ஒன்று தேவையில்லை. தனம் டேப்பை உன் இடுப்பில் சுற்றி, பின்பக்கம் சுற்றி, எண்களைக் குறித்துக்கொண்டாள். நீ வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கம் குனிந்து, "இன்னாமா, வழக்கம் போலத்தானே?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

வழக்கம் என்ன என்று சொல்வதற்கு முன், அந்தப் புதன்கிழமையை நீ சொன்னபடியே எழுதிவைக்கிறேன், நான் அதைச் சரியாகக் கேட்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. பேன்ட் தைத்து வந்து பத்தாவது நாள். காலையில் கொக்கியை மாட்ட மூச்சை இழுத்துப் பிடித்தாய். வந்தவர்கள் ஐந்து பேர். இருபது நிமிடம் நின்று பேசினாய், நன்றாகப் பேசினாய், ஒருவர் இடையிலேயே பிரமாதம் என்றாராம். பிறகு கேள்விகளுக்காக உட்கார்ந்தாய். பின்பக்கத் தையல் எல்லோருக்கும் கேட்கும்படி விட்டது. யாரோ மரியாதைக்கு இருமினார்கள். கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பதில் சொன்னாய். பலகையில் வரைந்து காட்டச் சொன்னபோது எழுந்திருக்க முடியவில்லை, பக்கத்தில் இருந்த சக ஊழியனைக் கைகாட்டினாய். உன் வேலையை அவன் வரைந்தான். இரண்டு நாள் கழித்து உன் மேலாளர், உனக்கு வசதிப்படும் வரைக்கும் கூட்டங்களை அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மிகவும் நாசூக்கான மனிதர். நீ மறுபடி திரைக்குப் பின்னால் போனாய்.

அந்தப் புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து கிழிந்த பேன்ட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத் தட்டின்முன் உட்கார்ந்தாய். உன் அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போனார். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும். நான் சொன்னது நாலே வார்த்தை. "பத்து நாள்ல என்னடி இப்படி?" நீ கையைக் கழுவினாய். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனாய்.

பத்து நாளில் நீ ஒரு நூல்கூட ஏறவில்லை, யாமினி. அந்தப் பேன்ட் உன் அளவைவிட இரண்டு இன்ச் குறைவாகத் தைக்கப்பட்டது. குறைத்துத் தைக்கச் சொன்னது நான். டைலர்கள் உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார்கள், பிறகு வேண்டுமானால் பிரித்துவிடலாம் என்று. அதையும் விடவேண்டாம் என்பது என் உத்தரவு. துணி இருந்தால் நீ பிரித்துவிடச் சொல்வாய். நீ போன பிறகு கிழிந்த பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு அந்தப் பக்கம் விரல் அகலம்கூட துணி இல்லை. சொன்னது சொன்னபடி செய்திருந்தாள்.

இது பதினோரு வருட வழக்கம். உனக்குப் பதினைந்து வயதில், மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், உன் பெரியம்மா பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, உங்கள் இரண்டு பேரில் யார் அம்மா என்று கேட்டாள். நீ ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாய். கையை இழுத்துக்கொண்டாய். நான் என் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். உன்னைத் திருத்துவது எனக்குச் சுலபமாகப் பட்டது. அந்த வாரமே பத்திரிகையின் பெண்கள் இணைப்பில் ஒரு யோசனை படித்தேன். இளைக்க விரும்புகிறவர்கள் ஒரு சைஸ் சிறிய உடையை வாங்கி, கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டுமாம், அது ஊக்கம் தருமாம். நான் அதை மேம்படுத்தினேன். தொங்கவிடவில்லை, உனக்குப் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ஊக்கம் குறைந்துவிடும் அல்லவா. இறுக்கமாக இருந்தால் தானே சாப்பாட்டைக் குறைப்பாள் என்று தனத்திடம் விளக்கினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டாள்.

நீ குறைத்தாய். அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. தீபாவளிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து துணி வரும்வரை நீ இரவு சாப்பிடமாட்டாய். அளவு கொடுத்த பிறகு ஏறிவிடக் கூடாது என்று. இரண்டு வாரம், சில வருடம் மூன்று வாரம். பிறகு துணி வரும், போட்டுப் பார்ப்பாய், பிடிக்கும். கண்ணாடியின் முன் நின்று, "பட்டினி கிடந்தும் ஏறிருக்கேம்மா" என்பாய். நான் பக்கத்தில் நின்று, தண்ணீர் எடையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். கல்லூரி கடைசி வருட விழாவுக்குத் தைத்த ஜாக்கெட்டின் கை ஏறவில்லை என்று நீ போகவே இல்லை. தோழிகள் போட்டோ அனுப்பியபோது தலைவலி என்று பதில் அனுப்பினாய். நான் உனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். மற்றப் பெண்களின் உடம்பு அவர்கள் சாப்பிட்டதற்குக் கணக்குச் சொல்லும், என் உடம்பு மட்டும் பொய் சொல்கிறது என்று ஒருமுறை சொன்னாய். பொய் சொன்னது உடம்பு அல்ல.

இந்தத் தடவை ஏன் தலையாட்டினேன் என்று எனக்கு நானே விளக்கம் கேட்டுப் பார்த்தேன். பழக்கம் என்று எழுதிவிடலாம். அலுவலகக் கோப்பாக இருந்தால் அப்படி எழுதி முடித்திருப்பேன். ஆனால் அன்று தனத்தின் கடையில் நான் சந்தோஷமாக இருந்தேன். இவ்வளவு பெரிய பதவி வாங்கியவள் இன்னும் கொஞ்சம் மனது வைத்தால் இளைத்தும்விடுவாள் என்று நினைத்தேன். உனக்குக் கிடைத்த ஒரு நல்லதைக்கூட அதன் அளவில் விட்டுவைக்க எனக்குத் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை தனத்திடம் போனேன். உன் அளவுகளைப் பார்க்க வேண்டும் என்றேன். பழைய நோட்டுகளையும் எடுத்துப் போட்டாள். உன் பெயருக்குக் கீழே ஒவ்வொரு முறையும் இரண்டு வரிசை எழுதியிருக்கிறாள். "தோ பாரும்மா, இது நான் எடுத்தது. பக்கத்துல கீறது நீ சொன்னது" என்றாள். முதல் வரிசையை வருடவாரியாகப் படித்தேன். பத்தொன்பது வயதில் உன் இடுப்பு நாற்பது. இருபதில் நாற்பது. இருபத்திரண்டில் முப்பத்தொன்பதரை. இருபத்துநாலில் நாற்பது. இப்போது நாற்பது. பக்கத்து வரிசையில் முப்பத்தொன்பது, முப்பத்தெட்டரை, முப்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே போகிறது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். தனம் பொத்தான் தைத்துக்கொண்டே, "பாப்பா ஏழு வருசமா அப்டியேதான் கீது. நீதாம்மா கொறச்சிக்கினே வந்த" என்றாள். ஏன் ஒருமுறைகூட அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "இன்னான்னு சொல்றது? நீ அம்மா, நான் டைலரு. சொன்னா பாப்பா வேற எடத்துக்குப் போய்டும்" என்றாள். அவளைக் கோபிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவள் தொழிலுக்குப் பயந்தாள். நான் என் அக்காவின் வாய்க்குப் பயந்தேன்.

அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டு வரிசையும் தெளிவாக விழுந்திருக்கிறது. உன் மேலாளருக்கு நான் எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், உன்னிடம் கேட்காமல் உனக்கு நல்லது செய்தது போதும். அந்தக் கூட்டங்களை நீ திரும்பக் கேட்டு வாங்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு வேண்டிய பேன்ட்டை உன் கணக்கில், உன் அளவில், நான் கூட வராத ஒரு கடையில் தைத்துக்கொள். உட்கார்ந்து பார்த்து வாங்கு.

நீ கேட்ட உறுதிமொழி இதோ: உன் உடம்பைப் பற்றி இனி உன்னிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை என்னால் காப்பாற்ற முடியும். வாயை அடக்குவது பெரிய வித்தை அல்ல, என் அதிகாரிகள் முன்னால் முப்பத்திரண்டு வருடம் செய்ததுதான்.

ஆனாலும் இந்தப் பொங்கலுக்கு வராதே. கோபத்தில் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒரு வேலையாக அடையாறுக்கு வந்திருந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜூஸ் கடையில் நீ உன் தோழியுடன் நின்றுகொண்டிருந்தாய். நீலச் சட்டை, கறுப்புப் பேன்ட், யார் தைத்ததோ, நன்றாக இருந்தது. உன்னைக் கூப்பிடவில்லை. நடுவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன, நான் இந்தப் பக்கம் நின்று, சட்டை இடுப்பில் எங்கே பிடிக்கிறது, பேன்ட் பின்பக்கம் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைப் பாதி எழுதி வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் பார்த்த பார்வை அது. நாலு பஸ் போனது. நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா